ஒன்பதரை வாட்

கண்ணையனின் மானத்தின் விலை ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய். வரி தனி. பாதியை முதலாளி போடுவார். மீதிப் பாதியை மாதம் முந்நூறாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி கண்ணையனே சொல்லிவிட்டான். திருத்தணி பஜாரில் பதினாறு வருஷமாக மிக்ஸி முதல் மோட்டார் வரை தவணைக்கு விற்றுவந்த இலியாஸ், தன் மானத்தைத் தானே தவணையில் வாங்குகிற ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

சமாச்சாரம் இதுதான். மலையடிவாரத்தில் ஷண்முகசுந்தரம் என்பவருக்கு ஒரு லாட்ஜ் இருந்தது. அதன் கீழ்த்தளத்தில் பை வைக்கும் அறை. காவடி எடுத்து மலையேறுகிறவர்கள் துணிப்பை, செருப்பு, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் அங்கே ஒப்படைத்து டோக்கன் வாங்கிப் போவார்கள். பதினோரு வருஷமாக அந்த மேசைக்குப் பின்னால் நிற்பவன் கண்ணையன். போன ஆடிக் கிருத்திகைக்கு ஒரு அம்மாள் வந்து, பையில் வைத்த கம்மல் ஜோடியைக் காணோம் என்றாள். கண்ணையன் எடுத்தான் என்பதற்கும் சாட்சி இல்லை, எடுக்கவில்லை என்பதற்கும் சாட்சி இல்லை. முதலாளி வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அன்று முதல் டீக்கடையில் கண்ணையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், ஆட்கள் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷ ஆடியில் ஷண்முகசுந்தரம் லாட்ஜுக்குக் கேமரா வைக்க முடிவு பண்ணினார். கல்லாவுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, நடைகளுக்கு இரண்டு, மாடிப்படிக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று, ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஒன்று. ஆக ஏழு. இலியாஸ் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது கண்ணையன் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என் தலைக்கு மேல ஒண்ணு மாட்டிடுங்க மொதலாளி."

"உனுக்கு எதுக்குடா? உன்னத்தான் நான் நம்பறனே."

"நீங்க நம்பறீங்க. அது போதல."

எல்லாரும் கேமரா என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஊரில், தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லி ஒருவன் கேட்டான். அப்படி வந்ததுதான் எட்டாவது கேமரா.

இனி இலியாஸின் வளர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் அப்பா பாஷா ஆட்டு வியாபாரி. சந்தையில் துண்டுக்கு அடியில் கையைவிட்டு விரலைப் பிடித்தே விலை பேசி, அந்த விரல்களாலேயே நாலு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். இலியாஸ் பிறந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் மூணேகால் கிலோ என்று சொன்னதும், "ரெண்டே முக்கால்னு போட்டுக்கோம்மா" என்றாராம். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் வியாபாரம் கற்றுக்கொடுக்கவில்லை. அது அடுப்புப் புகை மாதிரி உடம்பில் படிந்தது. எதிராளி சொல்கிற எண் எதுவானாலும் அது எண் அல்ல. பாதிக்குக் கேள், முக்காலுக்கு முடி.

அந்த வருஷம் திருத்தணியில் யாராலும் பேரம் பேச முடியாமல் போனது கரண்டிடம் மட்டும்தான். நினைத்தால் போகும், நினைத்தால் வரும். சாதாரணக் கேமராவானால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பிளக் வேண்டும்; கரண்ட் போனதும் எல்லாம் குருடு. புதிதாக வந்திருந்த முறையில் நெட்வொர்க் ஒயர் ஒன்றே போதும். அதிலேயே படமும் வரும், கேமராவுக்கு வேண்டிய கரண்டும் போகும். ஆபீஸ் அறையில் ஸ்விட்ச் என்ற ஒரு தட்டைப் பெட்டி, எட்டு ஒயரும் வந்து சொருகிக்கொள்ள அதில் எட்டு ஓட்டை, அந்தப் பெட்டிக்கு மட்டும் ஒரு யூபிஎஸ். ஊரே இருண்டாலும் எட்டுக் கண்ணும் திறந்தே இருக்கும். இதை இலியாஸ் கை காட்டி விளக்கினான்.

ஷண்முகசுந்தரம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "ஒரே ஒயர்ல ரெண்டும் போவுதுன்னா, ஒயர் காசு பாதிதானே பாய்?"

"மொதலாளி, ஒரே பஸ்ஸுல புருசனும் பொண்டாட்டியும் போனா டிக்கெட்டு பாதியா?"

"பஸ்ஸு கவர்மெண்டுது. கடை உன்னுதுதானே?"

ஒன்பது நாள் இழுத்தது பேரம். ஒவ்வொரு நாளும் இலியாஸ் கோபித்துக்கொண்டு வாசல்வரை போனான்; ஒவ்வொரு நாளும் வாசலில் திரும்ப அழைக்கப்பட்டான். பத்தாம் நாள் காலை இரண்டு பேரும் சிரித்துக் கைகொடுத்தபோது, முதலில் சொன்ன தொகையில் ஆறாயிரம் குறைந்திருந்தது. அந்த ஆறாயிரத்தை எங்கேயாவது பிடித்தாக வேண்டும்.

கடைக்கு வந்து, சென்னையில் மொத்த வியாபாரம் பண்ணும் பரந்தாமனுக்குப் போன் போட்டான்.

"பாய், எட்டு ஓட்டை ஸ்விட்ச்சுல ரெண்டு ரகம் கீது," என்றான் பரந்தாமன். "ஒண்ணு மொத்தமா அறுபத்திரண்டு வாட் குடுக்கும். இன்னொண்ணு நூத்தி இருபத்து மூணு. கேமரா பெட்டி மேல இன்னா போட்டிருக்கான்?"

"ஒம்பதரை வாட்."

"எட்டு ஒம்பதரை எழுபத்தாறு. சின்னது தாங்காது. ஓட்டைய எண்ணாத பாய், வாட்ட எண்ணு. பெரிசையே எடு."

"இன்னா வித்தியாசம்?"

"ஆறாயிரம்."

இலியாஸ் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தான். அங்கே ஷண்முகசுந்தரம் பிடுங்கிய அதே ஆறாயிரத்தை இங்கே பரந்தாமன் கேட்கிறான். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு பங்கு போட்டுக்கொள்கிறார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பெட்டி மேல் அச்சடித்ததைக் காட்டி மிரட்டுகிறான்! பெட்டி மேல் விலையும்தான் அச்சடித்திருக்கிறது. அந்த விலைக்கு இந்தப் பஜாரில் எவனாவது எதையாவது வாங்கியிருக்கிறானா? ஒன்பதரை என்று போட்டிருந்தால் ஐந்துக்கு முடியும்.

சும்மா நம்புகிறவனல்ல இலியாஸ், சோதித்தும் பார்த்தான். பகல் பதினோரு மணிக்கு, கடை வாசலில் வெயில் கொட்டிக்கொண்டிருக்க, ஒரு கேமராவை மேசைமேல் வைத்து அம்மீட்டரை மாட்டினான். கணக்குப் போட்டால் நாலரை வாட். பாதிக்கும் கீழே! எட்டு நாலரை முப்பத்தாறு. அறுபத்திரண்டில் இன்னும் ஐந்து கேமரா தொங்கவிடலாம்.

கல்லாவில் பில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மனைவி சுபியாவிடம் முள்ளைக் காட்டினான்.

"வாட்டையும் பேரம் பேசிட்டீங்களா?" என்றாள் அவள்.

"நான் பேசவே இல்ல. தானா எறங்கி வந்துடுச்சி."

"தானா எறங்கி வர்ற ஆள நீங்க நம்ப மாட்டீங்களே."

அவள் மறுபடி பில் எழுத ஆரம்பித்துவிட்டாள். இலியாஸ் பரந்தாமனைக் கூப்பிட்டுச் சின்ன ஸ்விட்ச்சையே பார்சல் போடச் சொன்னான்.

பேரத்திலேயே ஒன்பது நாள் போய்விட்டதால், கிருத்திகைக்கு முந்தின நாளான பரணியன்று காலையில்தான் கேமராக்களை மாட்ட முடிந்தது. முதலாளி சொன்ன வரிசைப்படி முதல் ஓட்டையில் கல்லா, இரண்டில் வாசல், பிறகு மற்றவை. கடைசியாக, எட்டாவது ஓட்டையில், பை அறை. எல்லாப் படத்தையும் பதிந்து வைக்க ஆபீஸில் ஒரு பதிவுப் பெட்டியும், கண்ணையன் கேட்டபடி அவன் மேசையில் ஒரு சின்ன மானிட்டரும் வைத்தாயிற்று. பை கொடுக்கிறவர்கள் தங்களையும் கண்ணையனையும் அதில் பார்க்கலாம்.

படம் வந்ததும் கண்ணையன் அதில் தன்னைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டான். பிறகு ஒரு காரியம் செய்தான். பையை வாங்கி, டோக்கன் கட்டி, அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பி, இரண்டு கையையும் விரித்துக் கேமராவைப் பார்த்து உயர்த்திக் காட்டினான். ஒன்றுமில்லை, பார்த்துக்கொள் என்று. அடுத்த பைக்கும் அப்படியே. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தது. நீட்டப்பட்ட டோக்கனை வாங்கிய ஒரு கிழவர், சாமியைத்தான் கும்பிடுகிறான் போல என்று தானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மாலை ஆறே முக்கால். இலியாஸ் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். செல்போன் அடித்தது.

"பாய், படம் பூட்ச்சி."

"எந்தப் படம்?"

"என் படம். கறுப்பா கீது. நான் பை வாங்கறத நிறுத்திட்டேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான். பஜார் தெருவில் காவடிகள். ஒவ்வொரு காவடிக்கும் முன்னால் ஒரு பம்பை, பின்னால் ஒரு குடும்பம். அரோகரா சத்தத்தில் ஹாரன் எடுபடவில்லை. ஒரு மஞ்சள் புடவைக்காரி, "இன்னா பாய், நீயும் மலைக்கா?" என்று கேட்டு வழிவிட்டாள். நடந்தால் ஐந்து நிமிஷம் ஆகும் தூரத்துக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம் பிடித்தது.

பை அறை வாசலில் வரிசை ரோடுவரை வந்திருந்தது.

"வாங்கறியா, இல்ல தூக்கிகினே மல ஏறட்டுமா?"

"உன் மூஞ்சி டிவில தெரியலன்னா எங்க செருப்பு கெட்டுப் பூடுமா?"

"அங்க பக்கத்து லாட்ஜுல வாங்கிகினு கீறான், வாங்கப்பா."

கண்ணையன் மேசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "படம் வரட்டும், வாங்கறேன்." முதலாளி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடா அங்க?" என்று கத்தினார்.

இலியாஸ் மாடிப்படியைப் பார்த்தான். அதுவரை வரவேண்டிய மீதித் தொகையில் ஒரு பைசா வரவில்லை. முதலாளி கீழே இறங்கி வந்து கறுப்பு மானிட்டரைப் பார்த்தாரென்றால் அது வரவும் வராது. வாய் தானாகத் திறந்தது.

"கண்ணையண்ணே, மானிட்டர்தான் கண்ண மூடிகிச்சி. உள்ள பொட்டியில பதிவு ஆயிகினேதான் கீது. நீங்க வாங்குங்க."

"நெஜமாவா பாய்?"

"நான் மாட்டினதுதானே? எனுக்குத் தெரியாதா?"

கண்ணையன் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு மணி பார்த்து நோட்டில் ஆறு ஐம்பத்தெட்டு என்று எழுதினான். போன வருஷத்துக்குப் பிறகு அவன் ஒவ்வொரு பைக்கும் நேரத்தையும் ஊரையும் எழுதி வைக்கிறான். முதல் பையை வாங்கினான், டோக்கன் கட்டினான், அலமாரியில் வைத்தான். திரும்பி, செத்த கேமராவைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

இலியாஸ் அதைப் பார்க்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஒயர் முனையை வெட்டிப் புதிதாக மாட்டினான். படம் இல்லை. கேமராவை இறக்கிக் குலுக்கிப் பார்த்துத் திரும்ப ஏற்றினான். இல்லை. இறங்கும்போதெல்லாம் கீழே அந்தக் கைகள் உயர்ந்தன. ஆபீஸ் அறைக்கு ஓடி ஸ்விட்ச்சைப் பார்த்தான். ஓட்டைக்கு ஒன்றாக எரிய வேண்டிய விளக்குகளில் எட்டாவது அணைந்திருந்தது, ஏழாவதும் அணைந்திருந்தது. ஜெனரேட்டர் கொட்டகையும் குருடு! இரண்டு ஒயர் ஒரே நேரத்தில் எப்படிக் கெடும்? எலி கடித்ததோ என்று நடை முழுக்க ஒயரைத் தடவிக்கொண்டே போனான். போகிறவர்கள் காலை மிதித்தார்கள், இவன் அவர்கள் காவடியில் இடித்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மணி ஏழு இருபது. ஏழு முப்பது. உட்காரத் தோன்றவில்லை, நிற்கவும் முடியவில்லை. திரும்ப ஆபீஸுக்கு வந்து, எரிச்சலில் எட்டாவது ஒயரைப் பிடுங்கி, வாசல் கேமரா இருந்த இரண்டாவது ஓட்டையில் சொருகினான். வாசல் ஒயரைப் பிடுங்கி எட்டில் போட்டான்.

பை அறை உயிர் பெற்றது. வாசல் செத்தது.

ஆக ஒயரிலும் குற்றமில்லை, கேமராவிலும் குற்றமில்லை. எந்த ஒயர் வந்தாலும் கடைசி இரண்டு ஓட்டைக்குக் கஞ்சி இல்லை. இலியாஸ் மெதுவாக நடைக்கு வந்து மேலே பார்த்தான். முதலாளி மிச்சம் பிடிக்கப் போட்டிருந்த பூஜ்ய வாட் பல்பின் மங்கலில், கேமராவின் கண்ணைச் சுற்றி ஒரு வளையம் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. குட்டிக் குட்டி விளக்குகள். இருட்டில் பார்ப்பதற்காகக் கேமராவே ஏற்றிக்கொள்ளும் விளக்குகள். பகல் பதினோரு மணி வெயிலில் அவை தூங்கிக்கொண்டிருந்தன. இப்போது பொழுது சாய, எட்டும் ஒவ்வொன்றாக விழித்துச் சாப்பாடு கேட்டிருக்கின்றன. தலைக்கு ஒன்பதரை.

பெட்டியில் போட்டிருந்தவன் விலை சொல்லவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கிறான்.

அறுபத்திரண்டில் ஆறு பேருக்குத்தான் சோறு. இலியாஸ் தண்ணீர்த் தொட்டியையும் ஜெனரேட்டர் கொட்டகையையும் பிடுங்கிப் போட்டான். வாசலுக்குத் தொட்டியின் இடத்தைக் கொடுத்தான். பை அறை இரண்டாம் ஓட்டையிலேயே இருக்கட்டும் என்று விட்டான். கண்ணையன் நோட்டில் எழுதினான்: ஏழு நாற்பத்தைந்து, படம் வந்தது.

"நீங்க சொன்ன மாதிரி மானிட்டர்தானா பாய்?" என்றான்.

"ஆங்," என்றான் இலியாஸ்.

எட்டரை மணிக்குச் சுப்பன் வந்தான். பள்ளிப்பட்டுக்காரன், விசைத்தறியில் கூலி, மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. டோக்கனைக் கொடுத்துப் பையை வாங்கிக் கவிழ்த்தான். வேட்டி, துண்டு, பொரிப் பொட்டலம் விழுந்தன. மறுபடி உதறினான்.

"அய்யோ நைனா, வேலு எங்க? வெள்ளி வேலு! காலைல உண்டியல்ல போடறதுக்கு எட்த்தாந்தேன். மஞ்சத் துணியில சுத்தி வெச்சேனே."

வரிசையில் இரண்டு மூன்று பேர் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை இலியாஸ் பார்த்தான். கண்ணையனும் பார்த்தான். ஆனால் போன வருஷம் மாதிரி அவன் முகம் வெளுக்கவில்லை. நிமிர்ந்து, மேலே கேமராவைக் காட்டினான்.

"மொதலாளியக் கூப்புடுங்க. படத்தப் போட்டுப் பாக்கட்டும்."

நோட்டைப் புரட்டினான். சுப்பனின் பை வந்த நேரம் ஏழு பன்னிரண்டு.

ஷண்முகசுந்தரம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "போடு பாய், ஏழு பன்னெண்ட. இதுக்குத்தானே இத்தினி காச அழுதேன்."

பதிவுப் பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லலாம். அங்கே இருந்தவர்களில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் இலியாஸ் ஒருவன்தான். சொன்னால் மீதித் தொகை தப்பும். பழி பெட்டிமேல் போகும், பெட்டியிலிருந்து மெல்ல நடந்து, போன வருஷம் போன அதே வீட்டுக்குப் போய்ச் சேரும். கண்ணையன் படத்துக்காகக் காத்துக்கொண்டு, மானிட்டரைப் பார்த்தபடி, ஏறக்குறையச் சிரித்த முகமாக நின்றான். அதுதான் தாங்கவில்லை.

ஆனாலும் வளர்ப்பு வளர்ப்புதான். உண்மையைக்கூட இலியாஸ் முதலில் பாதிக்குத்தான் கொடுத்தான்.

"அந்த நேரத்துல படம் கொஞ்சம் விட்டு விட்டு வந்துது மொதலாளி."

"விட்டு விட்டுன்னா?"

"கொஞ்ச நேரம் வரல."

"எவ்ளோ கொஞ்சம்?"

"ஒரு... அரை மணி."

கண்ணையன் நோட்டைத் திருப்பினான். விரலை ஒரு வரியில் வைத்தான், இன்னொரு வரிக்கு இழுத்தான். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "ஆறு அம்பத்தெட்டுலேர்ந்து ஏழு நாப்பத்தஞ்சி. நாப்பத்தேழு நிமிஷம் பாய்."

"ஆங். நாப்பத்தேழு." இலியாஸ் இனி இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. "ஒண்ணுமே பதிவாவல. இவரு படம் வராம பை வாங்க மாட்டேன்னுதான் சொன்னாரு. உள்ள பதிவாவுதுன்னு பொய் சொன்னது நானு. ஸ்விட்ச்சு பத்தாது. பெரிசா வாங்குன்னு சென்னையில சொன்னான். நான் ஆறாயிரம் மிச்சம் புடிச்சேன். இந்த மனுசன் மேல ஒரு சொல்லு வரக்கூடாது மொதலாளி. கேக்கறதா இருந்தா என்னக் கேளுங்க."

ஷண்முகசுந்தரம் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். பிறகு அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். "அப்ப மீதிக் காசு கெடையாது."

"வேணாம்."

"சரி," என்றார் அவர். எதிராளி உடனே சம்மதித்துவிட்டதில் அவருக்கே திகைப்பு. குறைத்துக் கேட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் முகத்தில் ஓடியது.

இலியாஸ் சுப்பனிடம் திரும்பிப் பர்ஸை எடுத்தான். "வேலு இன்னா எடைங்க? நான் வாங்கித் தர்றேன்."

"என் தறிக் கூலில சேத்து வாங்குனது நைனா. என் புள்ளைக்குக் காலு வந்ததுக்கு வேண்டிகினது. உன் காசுல போட்டா அது உன் வேண்டுதலு." சுப்பன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பர்ஸ் மேல் கண்ணையனின் கை வந்து விழுந்தது.

"உள்ள வை. நீ குட்த்தா நான் எட்த்தேன்னு ஆயிடும்."

"கண்ணையண்ணே..."

"நான் அவ்ளோ நேரம் கைய விரிச்சி விரிச்சிக் காமிச்சிகினு நின்னேனே பாய்," என்றான் கண்ணையன். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறவன் மாதிரி. "யாருக்குக் காமிச்சேன்?"

இலியாஸ் பர்ஸை உள்ளே வைத்தான். வெளியே வந்து, லாட்ஜ் வாசலில் நின்று பரந்தாமனுக்குப் போன் போட்டான்.

"பெரிய ஸ்விட்ச்சு ஒண்ணு காலைல மொத வண்டில வரணும். ஆளு கைல குட்த்து அனுப்பு."

"அனுப்பறேன். வெல வந்து பாய்..."

"நீ சொல்றதுதான்."

"பாய், ஒடம்பு நல்லாத்தானே கீது? வீட்ல யாருக்காவது ஏதாவது...?"

அந்த ராத்திரி இலியாஸ் வீட்டுக்குப் போகவில்லை. பை அறை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த நேரத்தைவிட எழுந்து போய் ஸ்விட்ச்சின் விளக்குகளை எண்ணிய நேரம் அதிகம். போன் பண்ணின சுபியா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பெட்டிக்காரன் சொன்னத நம்பியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள். சுப்பனும் போகவில்லை, எதிர்ச்சுவரில் சாய்ந்து கண்ணையனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணையன் தூங்குவதாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வருகிறவர்கள் பையை நீட்டுமுன் சுப்பனைப் பார்த்தார்கள், சிலர் பையோடு திரும்பிப் போனார்கள்.

காலை ஆறரைக்குப் பள்ளிப்பட்டிலிருந்து சுப்பனின் மைத்துனன் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தான், கையில் மஞ்சள் துணிச் சுருளோடு. வேல் வீட்டில் சாமி மாடத்திலேயே இருந்ததாம். சுப்பன் அதை எடுத்து வைக்கத்தான் எடுத்தான், நல்ல நேரம் பார்க்கக் காலண்டரைத் தேடிப் போனவன் அதை மாடத்திலேயே விட்டுவிட்டுப் பொரிப் பொட்டலத்தைச் சுருட்டிப் பையில் போட்டிருக்கிறான். சுப்பன் கண்ணையனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தெலுங்கிலும் தமிழிலும் அழுதான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அட, நேத்தே சொன்னேன், அந்த ஆளு அப்டிப்பட்டவன் இல்லன்னு" என்றான் நேற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து லாட்ஜுக்குப் போன ஒருவன்.

ஷண்முகசுந்தரம் இலியாஸைத் தனியாக அழைத்தார். "வேலு கெடச்சிடிச்சி. நீ வாய மூடிகினு இருந்திருந்தா மீதிக் காசும் வந்திருக்கும் பாய்."

"ராத்திரி எட்டரைக்கு வேலு கெடைக்கலியே மொதலாளி."

எட்டு மணிக்குப் பரந்தாமனின் ஆள் ஸ்விட்ச்சோடு ரயிலில் வந்து இறங்கினான். ஒன்பதுக்கெல்லாம் மாட்டியாயிற்று. இந்தத் தடவை இலியாஸ் வெயிலை நம்பவில்லை. எட்டுக் கேமராவின் கண்ணையும் கறுப்புத் துணியால் கட்டி, பட்டப்பகலில் ராத்திரியை உண்டாக்கி, எட்டு வளையமும் சிவந்து எரிவதைப் போய்ப் போய்ப் பார்த்தான். ஓட்டையில் ஒரு விளக்கும் அணையவில்லை. பை அறையை முதல் ஓட்டையில் போட்டான். கல்லா எட்டாவதற்குப் போனது. முதலாளியிடம் அதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

துணியை அவிழ்த்ததும் மானிட்டரில் கண்ணையன் தெரிந்தான். அவன் அடுத்த பையை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பி, கையை உயர்த்துமுன் ஒரு நொடி தயங்கி, எட்டிப் படம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். நேற்றுக் காலை அந்தத் தயக்கம் இல்லை.

"ஒங்க பாதியக் கட்ட வேணாம் அண்ணே," என்றான் இலியாஸ். "நான் பாத்துக்கறேன்."

"அப்பறம் அது உன் கேமரா ஆயிடும். நான் கட்டறேன்."

இலியாஸ் நோட்டை இழுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். "இத ஒரு தடவ பாத்துக்குங்க. இனிமே யாரு வந்து இன்னா சொன்னாலும் நீங்களே கணக்குக் காட்டலாம்." எழுதினான்.

வரவு: ஸ்விட்ச், 123 வாட்.
செலவு: கேமரா எட்டு, தலைக்கு ஒன்பதரை, 76 வாட்.
மிச்சம்: 47 வாட்.

கண்ணையன் அதை இரண்டு தடவை படித்தான். பேனாவை வாங்கி, அதன் கீழேயே தன் எழுத்தில் ஒரு வரி சேர்த்தான். எழுதியதைப் படித்துவிட்டு இலியாஸ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதிதான் வந்தது.

"மேல மிச்சம் நாப்பத்தேழு, கீழ பாக்கி நாப்பத்தேழு. நேர் பண்ணிடலாமா அண்ணே?"

"அது கரண்ட்டு பாய். இது நானு."

வரிசையில் யாரோ பையை நீட்டினார்கள். கண்ணையன் வாங்கப் போனான். இலியாஸ் ஒரு எழுத்தையும் குறைக்கச் சொல்லாமல், அந்த வரிக்குப் பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போட்டான்.

இலியாஸ் பாய் தர வேண்டியது: 47 நிமிஷம்.